மலைக்கு அந்தப் பக்கம்: எல்லென்ஸ்பர்க்கும் எங்க வீட்டு முயலின் தும்மலும்

சியாட்டில் பக்கம் இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் மலையைத் தாண்டிப் போவதற்கு வழக்கமாக மூன்று காரணங்கள்தான். டிசம்பரில் லெவன்வர்த் விளக்குகள். குளிர்காலத்தில் ஸ்னோகுவால்மி கணவாயில் பிள்ளைகளுக்குப் பனிச்சறுக்கு. ஜூன், ஜூலையில் யாகிமா பக்கம் செர்ரி. எல்லென்ஸ்பர்க் என்ற ஊர் இந்தக் கணக்கிலேயே வராது. யாகிமாவுக்குப் போகிறவர்கள் கேஸ் போடவும், பிள்ளைகளை பாத்ரூம் கூட்டிப்போகவும் நிற்கிற ஊர் அது.

ஆனால் வீட்டில் முயல் வளர்க்கிறவர்களுக்கு அந்த ஊர் ஒரு க்ஷேத்திரம் மாதிரி. அமெரிக்காவின் பேர்போன டிமதி புல் விளைகிற கிட்டிடாஸ் பள்ளத்தாக்கின் நடுவில்தான் எல்லென்ஸ்பர்க் இருக்கிறது. போன ஜூலையில் நாங்கள் அங்கே போனது புல் வாங்க. புல் தேவைப்பட்டது ஒரு தும்மலால். இல்லை, இரண்டு தும்மல்களால்.

முதல் தும்மல் சுண்டலுடையது. கறுப்புக் கொண்டைக்கடலை நிறத்தில் இருப்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் அது. மே மாதத்தில் ஒரு நாளைக்கு நாலைந்து தும்மல், அப்புறம் பத்து, பதினைந்து என்று கூடிக்கொண்டே போனது. இரண்டாவது தும்மல் ஒன்பது வயதுச் சின்னவளுடையது. சுண்டல் பக்கத்தில் உட்கார்ந்தால் மூக்கு ஒழுகும், கண் சிவக்கும். குடும்ப டாக்டர் பார்த்துவிட்டு, "முயலை வேற வீட்டுக்குக் கொடுக்கிறதைப் பத்தியும் யோசிச்சு வையுங்க" என்றார். அதை வீட்டில் சொன்ன அன்றைக்குச் சின்னவள் சாப்பிடவில்லை.

முயல் ஏன் தும்முகிறது?

முயலுக்குத் தும்மல் வந்தால் நாம் உடனே 'அலர்ஜி' என்போம். முயல் பார்க்கிற வெட் அப்படி ஆரம்பிக்கவில்லை. (நாய், பூனை பார்க்கிற எல்லா வெட்டும் முயல் பார்ப்பதில்லை. கேட்டுவிட்டுப் போங்கள்.) முதலில் அவர் சுண்டலின் முன்னங்கால் இரண்டையும் திருப்பி, உள்பக்க முடியைப் பார்த்தார். முயலுக்குக் கைக்குட்டை கிடையாது, மூக்கை முன்னங்காலால்தான் துடைக்கும். சளி இருந்தால் அங்கே முடி ஒட்டிப்போய்ச் சடையாக இருக்கும். சுண்டலுக்குக் காய்ந்து சுத்தமாக இருந்தது. அது ஒரு நல்ல சேதி.

அப்புறம் பல்லைப் பார்த்தார். முயலின் பல் ஆயுசு முழுக்க வளரும். மேல்பல்லின் வேர் மூக்குக் குழாய்க்கும் கண்ணீர்க் குழாய்க்கும் ரொம்பப் பக்கம். வேரில் பிரச்சினை என்றால் அது தும்மலாகவோ, கண்ணில் நீராகவோ வெளியே தெரியும். பிறகு மூக்குத் துவாரத்தில் புல் துண்டு ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று பார்த்தார். சிக்கினால் பெரும்பாலும் ஒரே பக்கத்து மூக்குதான் ஒழுகும்.

கடைசியாக நோய்த்தொற்று. முயல்களுக்கு வருகிற சளி நோயை ஆங்கிலத்தில் 'ஸ்னஃபிள்ஸ்' என்பார்கள். பாஸ்டுரெல்லா, போர்டடெல்லா போன்ற பாக்டீரியாக்கள் காரணம். பல முயல்களின் மூக்கில் இவை சும்மாவே குடியிருக்கும். உடம்பு தளரும்போதோ, வீட்டுக் காற்று கெடும்போதோ தலைதூக்கும். மஞ்சளாக, வெள்ளையாகக் கெட்டியான சளி வந்தால் அது வெட்டின் வேலை. நம் வீட்டு அலமாரி மருந்துக்கு அங்கே இடமே இல்லை. பிள்ளைகளுக்கு டாக்டர் எழுதுகிற அமாக்ஸிசிலினை முயலுக்கு வாய்வழியாகக் கொடுத்தால் குடலில் இருக்கிற நல்ல கிருமிகள் அழிந்து உயிரே போகலாம். இதை மட்டும் மறக்காதீர்கள்.

இதெல்லாம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் காற்றுக்கு வந்தார். முயல் கிட்டத்தட்ட மூக்கால் மட்டுமே மூச்சு விடுகிற பிராணி. சும்மா இருக்கும்போதே நிமிடத்துக்கு 30 முதல் 60 தடவை மூச்சு விடும். மூக்கு அடைத்தால் நம்மைப் போல வாயைத் திறந்து சமாளிக்கத் தெரியாது. முயல் வாயைத் திறந்து மூச்சு விட்டால் அது ஆபத்தின் அடையாளம், அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். அதே மாதிரி, அரை நாள் எதுவும் சாப்பிடாமல், புழுக்கை போடாமல் இருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

"வீட்ல என்னென்ன புகை, வாசனை, தூசி?" என்று கேட்டார். என் கணவர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். ஊதுபத்தி, கற்பூரம், வெள்ளிக்கிழமை சாம்பிராணி, மிளகாய் தாளிக்கிற நெடி. பத்து விரல் போதவில்லை. வெட் சிரித்துவிட்டு இன்னும் மூன்றைச் சேர்த்தார். லிட்டர் பெட்டியில் ஊறின மூத்திரத்திலிருந்து வருகிற அம்மோனியா. சீடர், பைன் மரத்தூள். பையின் அடியில் தங்குகிற புல் தூசி.

"முயலுக்கு உண்மையான அலர்ஜின்னு நிரூபிக்கிறது கஷ்டம். மத்ததெல்லாம் இல்லேன்னு தெரிஞ்ச பிறகு மிஞ்சுறதுக்குத்தான் அந்தப் பேர். ஒவ்வொண்ணா மாத்திப் பாருங்க. எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தினா எது காரணம்னு தெரியாது" என்றார்.

சுண்டலின் கூண்டு பூஜை அலமாரியிலிருந்து மாடி அறைக்குப் போனது. லிட்டர் பெட்டிக்குக் காகித உருண்டைகள் வந்தன, தினமும் மாற்றினோம். பதினைந்து தும்மல் எட்டாகக் குறைந்தது. மிச்சம் இருந்தது புல். அதை மட்டும் நிறுத்த முடியாது, ஏனென்றால் வளர்ந்த முயலின் சாப்பாட்டில் பெரும்பங்கு அதுதான். பல் தேய்வதும் அதனால், குடல் ஓடுவதும் அதனால். கடையில் வாங்குகிற பை எத்தனை மாதம் எந்தக் கிடங்கில் கிடந்ததோ, யாருக்குத் தெரியும். "விளையுற இடத்துலயே போய் வாங்கினா என்ன?" என்று கேட்டது எங்கள் அம்மா.

நூறு மைல், இரண்டு நாடு

பெல்வியூவிலிருந்து ஐ-90 நெடுஞ்சாலையில் கிழக்கே ஏறக்குறைய 100 மைல். ஒன்றேமுக்கால் மணி நேரம். நார்த் பெண்ட் தாண்டியதும் ஏற்றம் ஆரம்பம். ஸ்னோகுவால்மி கணவாய் 3,022 அடி உயரம். அதுவரை இரண்டு பக்கமும் கறும்பச்சைக் காடு, பாறையில் வழிகிற தண்ணீர், ஜூலையிலும் வைப்பர் போடவைக்கிற தூறல். கணவாயைத் தாண்டினால் வலப்பக்கம் கீச்செலஸ் ஏரி. கொஞ்ச தூரத்தில் காட்டு விலங்குகள் சாலையைக் கடப்பதற்கென்றே கட்டிய பாலம் ஒன்று தலைக்கு மேலே போகும். மான் வருகிறதா என்று பிள்ளைகள் இரண்டு பேரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். வரவில்லை.

கிளி எலம் ஊர் வந்ததும் வேறு நாட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். கறும்பச்சை போய், பொன்னிறக் குன்றுகளும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பைன் மரங்களும். மேகத்தை மலையே பிழிந்து எடுத்துக்கொள்வதால் எல்லென்ஸ்பர்க்குக்கு வருஷத்துக்கு 9 அங்குலம் போலத்தான் மழை. சியாட்டிலில் பெய்வதில் கால் பங்குகூட இல்லை.

என் அம்மா கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர். ஐம்பது வருஷமாக அமெரிக்காவில் இருந்தும் நிலத்தைப் பார்க்கிற கண் மாறவில்லை. "அங்கிட்டுக் கேரளாவுல கொட்டித் தீத்துட்டு எங்களுக்கு வெறுங்காத்தை அனுப்பும்ல, அதே கதைதான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்துப் பசுமையான வயல்களும் அதன் ஓரத்தில் நிறையத் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலும் தெரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மழையில்லாத ஊருக்கு இம்புட்டுத் தண்ணி எப்படி வருது?"

கீச்செலஸ், கச்செஸ், கிளி எலம் என்று மலையில் மூன்று ஏரிகள். அணை கட்டி, பனி உருகும் தண்ணீரை அங்கே தேக்கி, கோடையில் யாகிமா ஆறு வழியாகவும் வாய்க்கால் வழியாகவும் பள்ளத்தாக்குக்கு விடுகிறார்கள். 1895-ல் பென்னிகுயிக் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி, மேற்கே ஓடின தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பின கதையை அம்மா பிள்ளைகளுக்குச் சொல்ல ஆரம்பித்தார். நான் சின்ன வயதில் சான் ஹோசேயில் அதைக் கேட்டபோது பாதி புரியாமல் தலையாட்டியிருக்கிறேன். இங்கே வாய்க்கால் கண் முன்னால் ஓடியதால் பிள்ளைகளுக்கு ஒரு தடவையிலேயே புரிந்துவிட்டது. "பாட்டி, அப்போ உங்க ஊர்லயும் டிமதி விளையுமா?" என்று பெரியவன் கேட்டான். "எங்க ஊர்ல நெல்லுய்யா. வைக்கோலைப் படப்பு போட்டு வைப்போம். இது வைக்கோல் இல்ல, காஞ்ச புல்லு" என்றார் அம்மா.

இந்த வித்தியாசம் முக்கியம். வைக்கோல் என்பது கதிர் அறுத்த பிறகு மிஞ்சுகிற வெறும் தாள். முயலுக்குப் படுக்கையாகப் போடலாம், சாப்பாடாகாது. முயலுக்கு வேண்டியது பச்சையாக அறுத்து வெயிலில் உலர்த்தின புல்.

டிமதி நாடு

டிமதி ஐரோப்பாவிலிருந்து வந்த புல். 18-ஆம் நூற்றாண்டில் டிமதி ஹேன்சன் என்ற விவசாயி இதை அமெரிக்காவில் பரப்பியதால் அவர் பெயரே ஒட்டிக்கொண்டது என்பார்கள். கதிர் பார்ப்பதற்குக் குட்டிக் கம்பங்கதிர் மாதிரி இருக்கும். பகலில் வெயில், ராத்திரியில் குளிர், எப்போதும் ஓயாத காற்று. அறுத்த புல் இந்த ஊரில் பூஞ்சை பிடிக்காமல் சீக்கிரம் காய்வதற்கு அதுதான் காரணம். காரை விட்டு இறங்கினதும் தொப்பி பறந்தது. ஊருக்குக் கிழக்கே குன்றின் மேல் 2006-லிருந்து ஓடுகிற காற்றாலைகளைப் பார்த்தால் இங்கே காற்றுக்கு என்ன மரியாதை என்று தெரியும்.

இங்கே விளைகிறதில் பெரும்பகுதி கப்பல் ஏறி ஜப்பான், கொரியா போகிறது. அங்கே கறவை மாடுகளுக்கும் பந்தயக் குதிரைகளுக்கும் தீனி. ஊருக்குள்ளேயே பெரிய பெரிய கிடங்குகளில் புல் கட்டை இயந்திரத்தில் அழுத்திப் பாதியாகச் சுருக்கி, கண்டெய்னரில் ஏற்றி, நாங்கள் வந்த அதே சாலையில் சியாட்டில், டகோமா துறைமுகத்துக்கு அனுப்புகிறார்கள்.

சில்லறையாகவும் விற்கிற ஒரு பண்ணைக்கு முன்கூட்டியே போன் பண்ணிவிட்டுப் போனோம். அறுபது வயதைத் தாண்டிய விவசாயி. முயலுக்கு என்றதும் சிரிக்கவில்லை. "முயல்காரங்கதான் குதிரைக்காரங்களைவிட அதிகமா கேள்வி கேப்பாங்க" என்றார். அவர் சொல்லித் தந்ததில் முக்கியமானவை:

முதல் அறுப்பு ஜூன் கடைசியிலிருந்து ஜூலைக்குள் நடக்கும். தண்டு கெட்டி, கதிர் அதிகம். நார்ச்சத்து கூட, பல்லுக்கு நல்லது. ஆனால் பூத்த பிறகு அறுத்த கதிரில் மகரந்தம் இருக்கும். இரண்டாம் அறுப்பு கோடைக் கடைசியில். இலை அதிகம், மிருது, கதிர் குறைவு.

நல்ல புல்லுக்குப் பச்சை நிறமும், தேயிலை டப்பாவைத் திறந்த மாதிரி ஒரு வாசனையும் இருக்கும். ஒரு பிடி எடுத்து வெயிலுக்கு எதிரே உதறிப் பாருங்கள். துகள் விழுந்தால் பரவாயில்லை, அது இலைத்தூள். புகை மாதிரி கிளம்பினால் அது மண்ணோ பூஞ்சையோ. உள்ளே வெள்ளை, கறுப்புத் திட்டு இருந்தாலோ, முக்கல் வாடை அடித்தாலோ இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

அம்மா கட்டுக்குள் கையை விட்டு, விரல்களைத் தேய்த்துப் பார்த்தார். "சுணை கம்மிதான்" என்றார். நெல்லடிக்கிற களத்தில் உடம்பெல்லாம் அரிக்க வைக்குமே, அந்தச் சுணை. அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நான் விவசாயிக்குக் கையைச் சொறிந்து காட்டினேன். அவர் சட்டைக் கையை மடித்துத் தன் கையில் இருந்த சிவப்புத் தடிப்பைக் காட்டினார். மொழிபெயர்ப்பு முடிந்தது.

சின்னவளின் தும்மல்

இதற்கிடையில் சின்னவள் வேலி ஓரமாக நின்று தும்மிக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு, ஏழு. கண் சிவந்து, மூக்கு ஒழுகி. கார் வரைக்கும் கூட்டிவந்து முகம் கழுவிவிட்டேன். அவள் துண்டுக்குள்ளிருந்து தலையை எடுத்து, "அம்மா, இங்க சுண்டல் இல்லையே" என்றாள்.

சுண்டல் 100 மைலுக்கு அப்பால் பக்கத்து வீட்டு அக்காவின் பொறுப்பில் இருந்தது.

ஆகஸ்டில் அலர்ஜி மருத்துவரிடம் தோல் பரிசோதனை செய்தோம். (அலர்ஜி மாத்திரையைச் சில நாள் முன்னாடியே நிறுத்தச் சொல்வார்கள். எத்தனை நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.) டிமதி மகரந்தம் வைத்த இடத்தில் பெரிய தடிப்பு. முயல் வைத்த இடத்தில் சின்னதாக ஒன்று. முயலின் எச்சில், தோல் செதில், மூத்திரம் இவற்றாலும் அலர்ஜி வரும், அது இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அவளை அதிகம் படுத்துவது முயல் சாப்பிடுகிற புல்தான் என்றார். முயலை மடியில் வைத்தால் முயல் முடியில் ஒட்டின புல் தூசியையும் சேர்த்துத்தானே மடியில் வைக்கிறோம்.

"அப்ப வேற புல்லுக்கு மாத்திடலாமா?" என்று கேட்டேன். ஆர்ச்சர்ட் புல், ரை புல் எல்லாம் டிமதியின் நெருங்கின சொந்தங்கள், ஒன்றுக்கு ஒத்துக்கொள்ளாத உடம்பு பெரும்பாலும் மற்றதுக்கும் தும்மும் என்றார். தூரத்துச் சொந்தம் என்றால் பெர்முடா புல். அதற்கும் அலர்ஜி உள்ளவர்கள் உண்டு, ஆனால் அது தனி வகை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். "அட, இது பிள்ளையாருக்குப் போடற அருகம்புல்லு!" என்றார். உண்மையிலேயே அதேதான். அமெரிக்கத் தெற்கு மாநிலங்களில் அருகம்புல்லைக் காயவைத்துக் கட்டுக் கட்டாக விற்கிறார்கள்.

கடைசியில் மருத்துவர் முயலைக் கொடுக்கச் சொல்லவில்லை. சில நிபந்தனைகள் போட்டார். சுண்டல் சின்னவள் படுக்கையறைக்குள் வரக் கூடாது. அந்த மாடி அறையில் ஹெப்பா வடிகட்டி ஓட வேண்டும். புல் போடுவதும் பெட்டி சுத்தம் பண்ணுவதும் பெரியவன் வேலை. விளையாடி முடித்ததும் கை கழுவி, சட்டை மாற்ற வேண்டும். ஆறு மாதம் பார்ப்போம், மூச்சிரைப்போ இழுப்போ வந்தால் உடனே மறுபடி பேசுவோம் என்றார். ஆஸ்துமா இருக்கிற பிள்ளைக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி வரலாம். அந்த முடிவை உங்கள் மருத்துவரோடு உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும்.

நீங்கள் போவதாக இருந்தால்

போன் பண்ணாமல் பண்ணைக்குப் போகாதீர்கள், அறுப்பு நேரத்தில் பேச ஆள் இருக்காது. இரண்டாம் அறுப்பு வேண்டும் என்றால் செப்டம்பரில் போங்கள். தொழிலாளர் தின வாரக் கடைசியில் மட்டும் வேண்டாம். 1923-லிருந்து நடக்கிற எல்லென்ஸ்பர்க் ரோடியோ அப்போதுதான், ஊரே நிரம்பி வழியும். ஆகஸ்ட், செப்டம்பரில் காட்டுத்தீப் புகை வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 2020 செப்டம்பரில் சியாட்டில் வரைக்கும் வானம் மஞ்சளானது ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி நாளில் முயலும் தும்மும், ஜன்னலைச் சாத்துங்கள்.

கார் டிக்கியில் பழைய பெட்ஷீட் விரித்து, கட்டை மேலே இன்னொன்றால் மூடுங்கள். அலர்ஜி உள்ள பிள்ளைக்கு மாஸ்க். வீட்டில் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். அட்டைப்பெட்டியோ துணிப்பையோ போதும், கராஜில் தரையில் படாமல் வையுங்கள். அன்றன்றைய புல்லை வெளியே உதறிவிட்டுக் கொண்டுவாருங்கள். பழைய புல்லிலிருந்து புதியதுக்கு ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக் கலந்து கலந்து மாற்றுங்கள்.

இன்னொன்று. 2019-ல் இந்த மாநிலத்து சான் ஹுவான் தீவுகளில் ஆர்எச்டி என்ற முயல் ரத்தக்கசிவு நோய் பரவியது. காட்டு முயல், வீட்டு முயல் இரண்டையும் திடீரென்று கொல்லும் வைரஸ். செருப்பிலும் புல்லிலும் ஒட்டி வரும். அதற்குத் தடுப்பூசி உண்டு, வெட்டிடம் கேளுங்கள். பண்ணைக்குப் போட்ட செருப்பை வாசலிலேயே விடுங்கள்.

வேறு நாட்டில் இருக்கிறவர்களும் இதே சோதனைகளைச் செய்யலாம், புல்லின் பெயர்தான் மாறும். ஆஸ்திரேலியாவில் காயவைத்த ஓட்ஸ் பயிர் சுலபமாகக் கிடைக்கும். (குயின்ஸ்லாந்தில் மட்டும் முயல் வளர்க்கவே தடை.) இங்கிலாந்தில் பல புல் கலந்த மெடோ ஹே. எங்கே வாங்கினாலும் வெயிலுக்கு எதிரே ஒரு பிடி உதறிப் பாருங்கள்.

செப்டம்பரில் மறுபடி போய் இரண்டாம் அறுப்பு இரண்டு கட்டு வாங்கி வந்தோம். இப்போது சுண்டலுக்கு ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு தும்மல், பெரும்பாலும் புல்லுக்குள் முகத்தைப் புதைத்துத் தேடும்போது. அந்த அளவு எந்த முயலுக்கும் உண்டு என்று வெட் சொல்லிவிட்டார். சின்னவளுக்கு வசந்த காலம் வந்தால்தான் முழுக்கத் தெரியும். அதுவரைக்கும் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. இடப்பக்கம் சுண்டல், வலப்பக்கம் அவள். தினமும் ராத்திரி இரண்டு பேருக்கும் எத்தனை தும்மல் என்று பெரியவன் கோடு போட்டு வைக்கிறான். அடுத்த தடவை மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போவோம்.